கரட்டைக் கடித்த குரல்

கார்ட்டூன் படத்தில் வரும் முயலுக்கும் வாத்துக்கும் பன்றிக்கும் தம் குரலைக் கொடுத்து நடிப்பவரைக் குரல் நடிகர் என்பர். மேடை நடிகருக்கு உடலும் ஒப்பனையும் உடையும் துணை நிற்க, இவருக்கு மூச்சும் தொண்டையும் நாக்கும் உதடுமே கருவிகள்; பார்வையாளர் இவருடைய முகத்தைக் காண்பதில்லை, பெயரையும் பெரும்பாலும் அறிவதில்லை, குரலை மட்டும் வாழ்நாள் முழுதும் நினைவில் வைத்திருப்பார்கள். பதுளை, பசறை, லுணுகலை, ஹாலி-எல, பண்டாரவளை, ஹப்புத்தளை என விரியும் ஊவாவின் தோட்டப் பகுதிகளில் கடந்த நாற்பது ஆண்டுகளாக வளர்ந்த சிறுவர்கள் இத்தகைய குரல்களைச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் சென்னைத் தமிழிலும் கேட்டிருக்கிறார்கள். தங்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், புழங்கும் தமிழில் ஒரு முயலோ பூனையோ பேசி அவர்கள் கேட்டது அரிதினும் அரிது. இந்தக் குறை தீரக்கூடியதே என்பதை விளங்கிக்கொள்ள, குரல் நடிப்பை ஒரு தொழிலாகவே நிலைநிறுத்திய மனிதர் ஒருவரின் வாழ்க்கையை முதலில் பார்ப்பது பொருத்தமாகும்.

அதற்கு முன், கார்ட்டூனில் குரல் சேர்வது இரண்டு வழிகளில் என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். முதல் வழியில், படம் வரையப்படுவதற்கு முன்பே குரல் பதிவாகிவிடும். ஒரு விநாடிக்கு 24 பிரேம், அதாவது 24 தனித்தனிப் படங்கள் ஓடுகின்ற கணக்கில், பதிவான குரலின் ஒவ்வோர் அசையும் எத்தனையாவது பிரேமில் விழுகிறது என்று அட்டவணை எழுதி, அதைப் பார்த்தே ஓவியர் பாத்திரத்தின் வாயைத் திறந்தும் மூடியும் வரைவார். இரண்டாம் வழியில், வேறொரு மொழியில் முடிந்துபோன படத்தின் உதட்டசைவுக்கு ஏற்ப, புதிய மொழியின் வசனத்தைப் பின்னர் பேசிச் சேர்ப்பார்கள், இதுவே டப்பிங். முதல் வழியில் படம் குரலைப் பின்தொடர்கிறது, இரண்டாவதில் குரல் படத்தைப் பின்தொடர்கிறது. இலங்கையும் தமிழகமும் மிகுதியும் கண்டது இரண்டாம் வழியையே.

முதல் வழியின் பேராளுமை மெல் பிளாங்க். 1908 மே 30 அன்று அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோவில் பிறந்து, ஓரிகன் மாநிலத்துப் போர்ட்லண்ட் நகரில் வளர்ந்த இவர், பல நாடுகளிலிருந்து வந்து குடியேறியவர்கள் அவரவர் தாய்மொழியின் சாயலோடு ஆங்கிலம் பேசுவதைச் சிறு வயதிலிருந்தே கூர்ந்து கேட்டு, அதைத் திருப்பிப் பேசிப் பழகினார். அக்கம்பக்கத்தில் மளிகைக்கடை நடத்திய யூத முதியவர்களின் பேச்சுத்தான் தமக்குக் கிடைத்த முதல் பாடங்களில் ஒன்று என்று பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்திருக்கிறார். பள்ளிப் படிப்பில் சிறக்காத இந்தப் பையன் வகுப்பறையில் ஈட்டிய சொத்து, பள்ளியின் நீண்ட கூடத்தில் எதிரொலித்த தன் சிரிப்பொலி ஒன்றுதான் என்பதும், பின்னர் அதே சிரிப்பு ஒரு மரங்கொத்திப் பாத்திரத்துக்குப் பயன்பட்டது என்பதும் அவர் வரலாற்றில் சொல்லப்படும் செய்தி.

1927 இல் போர்ட்லண்ட் வானொலியில் அடியெடுத்து வைத்த பிளாங்க், 1933 இல் மனைவி எஸ்டெல்லுடன் சேர்ந்து வாரத்தில் ஆறு நாள் ஒரு மணி நேர நகைச்சுவை நிகழ்ச்சி ஒன்றை நடத்தத் தொடங்கினார். வேறு நடிகர்களை அமர்த்த நிலையத்தில் பணம் இல்லாததால், நிகழ்ச்சியில் வந்த அத்தனை பாத்திரங்களையும் இருவரும் தாங்களே பேசித் தீர்க்க வேண்டியிருந்தது. இந்த வறுமையே அவருக்கு வாய்த்த பயிற்சிக்கூடம் எனலாம். ஒரே மனிதர் ஒரு பாத்திரத்தின் கேள்வியை முடித்த மூச்சிலேயே அடுத்த பாத்திரத்தின் பதிலைத் தொடங்கும் திறமை, வசதியான நாடகக் குழு ஒன்றில் இருந்திருந்தால் அவருக்குத் தேவைப்பட்டே இருக்காது. 1930களின் நடுவில் லொஸ் ஏஞ்சலஸ் நகருக்குப் போய், கார்ட்டூன் நிறுவனம் ஒன்றின் வாயிலில் பலமுறை திருப்பி அனுப்பப்பட்டு, கடைசியில் 1937 இல் வெளிவந்த படமொன்றில் குடிபோதையில் இருக்கும் காளை மாட்டுக்குக் குரல் கொடுத்தார். அதே ஆண்டில் போர்க்கி என்ற திக்குவாய்ப் பன்றியின் குரலும் அவரிடம் வந்தது. அதற்கு முன் அந்தப் பன்றிக்குப் பேசியவர் உண்மையாகவே திக்கிப் பேசும் இயல்புடையவர்; அவரால் திக்கலைக் கட்டுப்படுத்த முடியாததால் பதிவு நீண்டுகொண்டே போக, திக்கலை நடிப்பாகச் செய்யக்கூடிய பிளாங்க் அந்த இடத்துக்கு வந்தார். இயல்புக்கும் நடிப்புக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி இத்துறையில் இல்லை.

1940 ஜூலையில் வெளியான படத்தின் வழியே உலகம் அறிந்த பக்ஸ் பனி என்ற முயல் எப்போதும் கரட்டைக் கடித்துக்கொண்டே பேசும். அந்தக் கடிக்கும் ஒலிக்காகப் பதிவு அறையில் பிளாங்க் உண்மையான கரட்டையே கடித்தார்; வேறு காய்கறிகளைக் கடித்துப் பார்த்தபோது அந்த 'நறுக்' என்ற ஓசை எதிலும் சரியாக விழவில்லை. கடித்ததை மென்று விழுங்கி முடிக்கும்வரை காத்திருந்தால் பதிவு தாமதமாகும் என்பதால், கடிப்பார், பக்கத்தில் வைத்திருந்த பாத்திரத்தில் துப்புவார், உடனே வசனத்தைப் பேசுவார். வெலிமடையில் விளையும் கரட்டை ஈரமண் உதிரக் கழுவிக் கடித்துப் பழகிய ஊவாச் சிறுவனுக்கு அந்த ஓசை நன்றாகத் தெரியும். அதே ஓசை ஒரு கலைஞனின் கைக்கருவியாக இருந்தது என்பது அவனுக்குச் சொல்லப்பட வேண்டிய செய்தி.

பிளாங்க் குரல்களைப் படைத்த முறையில் நுணுக்கமான கணக்கு இருந்தது. டஃபி என்ற வாத்துக்கும் சில்வெஸ்டர் என்ற பூனைக்கும் அவர் கொடுத்த குரல் அடிப்படையில் ஒன்றே. நாக்கு பல்லில் இடித்து எச்சில் தெறிக்கப் பேசும் அதே பேச்சை வாத்துக்கு மட்டும் பதிவு வேகத்தை மாற்றி விரைவாக ஓடவிட்டதால், கேட்பவருக்கு அவை இரண்டு வேறு உயிர்களாகத் தோன்றின. முரட்டு மீசைக்காரப் பாத்திரம் ஒன்றுக்குத் தொண்டை கிழியக் கத்த வேண்டியிருந்ததால், அத்தகைய வசனங்களுக்குப் பின் குரலுக்கு ஓய்வு தேவைப்பட்டது. வானொலியில் அவர் செய்த இன்னொன்றும் குறிப்பிடத்தக்கது: ஜாக் பெனி என்ற புகழ்பெற்ற நகைச்சுவையாளரின் நிகழ்ச்சியில், பழைய மோட்டார் காரின் ஓசைக்காக வைத்திருந்த இசைத்தட்டு உரிய நேரத்தில் ஓடாமல் போக, பிளாங்க் ஒலிவாங்கியின் முன் நின்று இருமியும் தும்மியும் முக்கியும் அந்தக் காரையே வாயால் ஓட்டிக் காட்டினார்.

ஊதியத்தை உயர்த்தித் தரும்படி அவர் கேட்டபோது நிறுவனம் மறுத்தது. அதற்கு மாற்றாகப் படத்தின் தொடக்கத்தில் தம் பெயரையாவது போடும்படி கேட்டார், அதற்கு இசைந்தது. 1944 முதல் 'குரல் வடிவம்: மெல் பிளாங்க்' என்ற பொருள்பட அவர் பெயர் திரையில் வரத் தொடங்கியது. வானொலித் தயாரிப்பாளர்கள் அந்தப் பெயரைப் பார்த்து அவரைத் தேடி வந்தார்கள். ஆனால் அதே படங்களில் முயலைத் துரத்தும் வேட்டைக்காரனுக்கு ஆண்டுக்கணக்கில் குரல் கொடுத்த ஆர்தர் கியூ. பிரையன் என்பவரின் பெயர் திரையில் வரவே இல்லை. ஒருவர் கேட்டதால் கிடைத்தது, மற்றவர்களுக்குக் கேட்காமலே கிடைத்திருக்க வேண்டியது.

1961 ஜனவரி 24 அன்று லொஸ் ஏஞ்சலஸ் நகரின் ஆபத்தான வளைவொன்றில் நேர்ந்த மோட்டார் விபத்தில் பிளாங்கின் கால்களும் இடுப்பெலும்பும் முறிந்து, அவர் நினைவிழந்தார். ஏறத்தாழ இரண்டு வாரங்கள் யார் கூப்பிட்டும் பதில் வராதிருந்த நிலையில், மருத்துவர் ஒருவர் அவருடைய பெயரைச் சொல்லி அழைப்பதை விட்டு, "பக்ஸ் பனி, இன்று எப்படி இருக்கிறாய்?" என்று கேட்க, கட்டிலில் கிடந்தவரின் வாயிலிருந்து முயலின் குரலில் பதில் வந்தது. முயல்தான் அவரைக் காப்பாற்ற முயன்றதுபோல் இருந்தது என்று அந்த மருத்துவர் பின்னர் வியந்தார். அதன்பின், 'பிளிண்ட்ஸ்டோன்ஸ்' தொடரின் பதிவுக்காக மற்ற நடிகர்கள் அவருடைய வீட்டுக்கே வந்து கட்டிலைச் சுற்றி நிற்க, மேலிருந்து தொங்கவிட்ட ஒலிவாங்கியில் படுத்தபடியே அவர் பேசினார். 1989 ஜூலை 10 அன்று மறைந்த அவருடைய கல்லறைக் கல்லில், அவர் குரல் கொடுத்த கார்ட்டூன்களின் முடிவில் வரும் விடைபெறும் வாசகமே பொறிக்கப்பட்டுள்ளது.

இந்த வாழ்க்கையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய உண்மை ஒன்று உண்டு: கார்ட்டூன் குரல் என்பது எங்கிருந்தோ வந்து இறங்கும் வினோத ஓசையன்று, பேசுபவரின் ஊரில் புழங்கும் பேச்சு வகைகளிலிருந்து திரட்டிச் செதுக்கப்படுவது, அதை முதலில் வளர்த்தெடுத்தது வானொலி. இலங்கையிலும் இதற்கு ஈடான வரலாறு இருக்கிறது. 1925 இல் கொழும்பில் தொடங்கிய வானொலி, பின்னர் இலங்கை வானொலியாகவும் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமாகவும் வளர்ந்தபோது, தமிழ் நாடகங்களும் உரைச்சித்திரங்களும் கடல் கடந்து தமிழகத்திலும் கேட்கப்பட்டன. அவற்றுள் 'கோமாளிகளின் கும்மாளம்' என்ற தொடர் இங்கு விரிவாகப் பேசத்தக்கது. எஸ். ராமதாஸ் முஸ்லிம் மக்களின் தமிழைப் பேசும் மரைக்காராகவும், டி. ராஜகோபால் யாழ்ப்பாணத் தமிழ் பேசும் அப்புக்குட்டியாகவும், எஸ். செல்வசேகரன் சிங்களம் கலந்த தமிழ் பேசும் உபாலியாகவும் அதில் குரல் கொடுத்தார்கள், பி.எச். அப்துல் ஹமீதும் உடன் நடித்தார். கேட்பவர் எவரும் ஒரு முகத்தையும் பார்க்கவில்லை. ஆயினும் பேச்சின் இழுப்பிலும் அழுத்தத்திலுமே ஆள் கண்முன் நின்றார். மரைக்கார் ராமதாஸ், அப்புக்குட்டி ராஜகோபால், உபாலி செல்வசேகரன் என்று பாத்திரப் பெயர்களே அந்தக் கலைஞர்களின் பெயரோடு நிலையாக ஒட்டிக்கொண்டன. 1976 இல் இத்தொடர் 'கோமாளிகள்' என்ற திரைப்படமாகவும் வந்தது. வரைந்த உருவம் மட்டுந்தான் இல்லை. மற்றபடி இவர்கள் செய்தது பிளாங்க் செய்த அதே வேலை.

சிங்களத்தில் இந்த வேலை உண்மையான கார்ட்டூனுக்கே வந்து சேர்ந்தது. 1982 பெப்ரவரி 15 அன்று ரூபவாஹினித் தொலைக்காட்சி ஒளிபரப்பைத் தொடங்கியபோது, அங்கே டப்பிங் பணிக்கு அடித்தளமிட்டவர் டைட்டஸ் தொடவத்த. 1929 இல் பிறந்த இவர், லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் இயக்கி 1956 இல் வெளிவந்த 'ரேகாவ' படத்தின் தொகுப்பாளர். சிறுவர்களுக்காக 'ஹந்தயா' என்ற படத்தையும் இயக்கியவர். தொகுப்பு மேசையில் பிரேம் பிரேமாக எண்ணிப் பழகிய கண், உதட்டசைவுக்கு வசனம் பொருத்தும் வேலைக்குப் பெரிதும் உதவியிருக்க வேண்டும். அவர் பெயர்களை எப்படிச் சிங்களமாக்கினார் என்பதைப் பார்த்தாலே அவருடைய நோக்கு புலப்படும். டாக்டர் டூலிட்டில் என்ற மருத்துவரை அவர் 'தொஸ்தர ஹொந்தஹித' ஆக்கினார்; நல்ல மனம் கொண்ட மருத்துவர் என்பது அதன் பொருள். பிளாங்கின் முயல் 'ஹா ஹா ஹரி ஹாவா' ஆனது. ஹாவா என்றால் முயல், அதற்கு முன் வரும் சொற்கள் சிங்கள வீடுகளில் அன்றாடம் 'ஆமாம், சரி' என்று தலையாட்டச் சொல்பவை. அமெரிக்க முயலை மொழிபெயர்ப்பதோடு நிறுத்தாமல், ஒரு சிங்கள கிராமத்தின் முயலாகவே அவர் அதை மாற்றிவிட்டார். 2011 அக்டோபரில் அவர் மறைந்தபோது, அவருடைய கார்ட்டூன்களைப் பார்த்து வளர்ந்த ஒரு தலைமுறையே அவருக்காக வருந்தியது.

பிதுருதலாகலை உச்சியிலிருந்து வந்த ரூபவாஹினியின் ஒளிபரப்பு ஊவாவின் தோட்டங்களிலும் தெரிந்தது. மின்சாரம் எட்டாத லயங்களில் கார் பெட்டரியைக் கொண்டு இயக்கிய ஒரே தொலைக்காட்சிப் பெட்டியின் முன்னால் பல வீட்டுப் பிள்ளைகள் கூடியிருந்து பார்த்த காலம் அது. பதுளை மாவட்டத்தின் மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் தமிழர். அவர்களுடைய பிள்ளைகளுக்கு 'ஹரி ஹாவா' சிங்களத்தைக் காதால் பழகிக்கொள்ளும் இனிய வாயிலாகவும் அமைந்தது, அதைக் குறைவாக மதிப்பிடக் கூடாது. அதன்பின் இந்தியாவிலிருந்து வரும் செய்மதி ஒளிபரப்புக்கான டிஷ் லயக்கூரைகளின் மேல் முளைக்கத் தொடங்க, 2007 ஏப்ரலில் சன் குழுமம் தொடங்கிய சுட்டி டிவி தமிழ் பேசும் கார்ட்டூன்களை நாள் முழுதும் கொண்டுவந்தது. டோராவும் ஜாக்கிசானும் தமிழ் பேசினார்கள். அந்தத் தமிழ் சென்னைக் கலையகங்களின் தமிழ்.

சென்னையின் குரல் கலைஞர்கள் செய்யும் வேலை எளிதன்று என்பதையும் இங்கே விளக்க வேண்டும். ஆங்கிலத்தில் ஒருவரை அமைதியாக இருக்கச் சொல்லும் தொடர் 'பி' என்ற ஒலியில் தொடங்கும். அதைச் சொல்லும்போது திரையில் உள்ள பாத்திரத்தின் உதடுகள் முதலில் ஒட்டிப் பிரியும். அந்த இடத்தில் 'சத்தம் போடாதே' என்று எழுதினால் பொருள் சரி, வாய் பிழை. 'பேசாதே' என்று எழுதினால் பகரத்துக்கு உதடு ஒட்டுவதால் இரண்டும் பொருந்தும். இவ்வாறு பகரமும் மகரமும் விழ வேண்டிய பிரேம்களைக் குறித்துக்கொண்டு, அதற்கேற்ற சொல்லைத் தேடுவதையே உதட்டசைவுப் பொருத்தம் என்கிறார்கள். இதனினும் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. ஆங்கிலத்தில் 'போகாதே' என்பதன் மறுப்பு, சொற்றொடரின் தொடக்கத்திலேயே வந்துவிடுவதால், பாத்திரம் முதலில் தலையை அசைத்து மறுத்துவிட்டுப் பின்னர் கையால் வழியைக் காட்டும். தமிழிலோ எதிர்மறை வினையின் ஈற்றில் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே தலையசைவுக்கு ஒரு 'ஐயோ', ஒரு 'வேண்டாம்', ஒரு 'ம்ஹூம்' என்று முன்னே இட்டு, பின்னர் வினையைச் சொல்லி முடிக்கிறார்கள். தமிழ் டப்பிங்கில் 'ஐயோ' மிகுதியாகக் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

குரல்வளையே ஒலிக்காத குரல்கூட இத்தொழிலில் உண்டு. டொனால்ட் வாத்துக்கு 1934 முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டு குரல் கொடுத்த கிளாரன்ஸ் நாஷ், குரல்வளையை விடுத்து, கன்னத்துக்குள் அடக்கிய காற்றைப் பிதுக்கியே பேசினார். பிற மொழிப் பதிப்புகளுக்கும் அந்த மொழியின் ஒலிகளை எழுதி வைத்துக்கொண்டு அவரே பேசினார். ஆனால் அது விதிவிலக்கு. குரலின் சுவை பெரும்பாலும் வட்டார வழக்கில்தான் தங்கியிருக்கிறது என்பதற்கு 2019 இல் வந்த 'தி லயன் கிங்' தமிழ்ப் பதிப்பு நல்ல சான்று: அரசச் சிங்கங்களுக்குச் சித்தார்த்தும் அரவிந்த்சாமியும் செம்மையான தமிழில் பேச, காட்டுப்பன்றிக்கும் கீரிக்கும் ரோபோ சங்கரும் சிங்கம்புலியும் தெருவோரத் தமிழில் பேசினார்கள், மக்கள் திரையரங்கை விட்டு வெளியே வந்தபின் திருப்பிச் சொன்னது பின்னவர்களின் வசனங்களையே.

ஊவாத் தோட்டங்களின் தமிழுக்கு அத்தகைய சுவை குறைவில்லை. திருச்சி, சேலம், மதுரை, புதுக்கோட்டை முதலிய பகுதிகளிலிருந்து வந்தவர்களின் வழக்குகள் ஒரே லயவரிசையில் தலைமுறை தலைமுறையாக உராய்ந்து உருவான தமிழ் அது. காலையில் ஆட்களைத் திரட்டி வேலை பிரிக்கும் இடம் 'பிரட்டுக்களம்', தேயிலைத் தொழிற்சாலை 'ஸ்டோர்', ஒரு நாள் வேலைக்கான பதிவு 'பேர்', அது பாதியாகக் குறைந்தால் 'அரைப்பேர்'. இந்தச் சொற்களுக்குப் பின்னால் இருநூறு ஆண்டு உழைப்பின் வரலாறு நிற்கிறது. பதுளைப் பகுதியில் ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் 1934 இல் பிறந்து 2022 இல் மறைந்த தெளிவத்தை ஜோசப் இந்தப் பேச்சை இலக்கியத்துக்குள் கொண்டுவந்தார். தோட்ட மக்களின் வாழ்வைச் சொல்லி 1975 இல் வெளிவந்த 'புதிய காற்று' திரைப்படத்தின் வசனமும் அவருடையதே. எழுத்தில் இடம் பெற்ற அந்தத் தமிழ் குரலாக ஒலிபரப்பில் ஏறியது மிகக் குறைவு.

குரல் நடிகர்களுக்கும் இங்கே பஞ்சமில்லை. மாசி மாதத்தில் கம்பம் ஊன்றித் தொடங்கிப் பௌர்ணமியை ஒட்டி விடிய விடிய நடக்கும் காமன் கூத்தில், அது நடக்கும் திறந்த வெளியான காமன் பொட்டலின் குளிரில் ஒலிபெருக்கியின் துணையை நம்பாமல் பாடிப் பேசிப் பழகிய கூத்து மாஸ்டர்கள் இருக்கிறார்கள்; ரதி வேடம் கட்டும் ஆண், மன்மதன் எரிந்தபின் பெண்குரலில் புலம்பும்போது திரண்டிருக்கும் பெண்களும் சேர்ந்து அழுவதுண்டு. அதே இரவில் எமனின் அதட்டலும், தூதனின் ஓட்டமும் நடையுமான பேச்சும், குறவன் குறத்தியின் சண்டையும் தப்பின் அடிக்கேற்ப மாறி மாறி ஒலிக்கும். பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகிய கூத்துகளும் இதே தொண்டைகளில் வாழ்ந்தவை. கன்னியாகுமரிப் பக்கத்துத் தோற்பாவைக் கூத்தில் திரைக்குப் பின்னால் அமர்ந்த ஒரே கலைஞர் இராமனுக்கும் இராவணனுக்கும் உளுவத்தலையன், உச்சிக்குடும்பன் என்ற கோமாளிகளுக்கும் குரல் மாற்றிப் பேசுவதைக் கண்டவர்கள், கார்ட்டூன் குரல் நடிப்பு தமிழருக்குப் புதிதென்று சொல்ல மாட்டார்கள்.

இந்தக் குரல்களைப் பதிவு செய்வதற்கு இப்போது ஓர் அவசரமும் சேர்ந்திருக்கிறது. பதிவு செய்த குரலைக் கற்றுக்கொண்டு அதே குரலில் புதிய வசனத்தைப் பேசும் கணினி நுட்பம் வந்துவிட்டது. 2024 இல் 'லால் சலாம்' படப் பாடலுக்காக ஏ.ஆர். ரஹ்மான், மறைந்த பாடகர்களான சாகுல் ஹமீது, பம்பா பாக்கியா ஆகியோரின் குரலை அவர்களுடைய குடும்பத்தாரின் அனுமதி பெற்று, உரிய ஊதியமும் கொடுத்து இந்த நுட்பத்தால் மீட்டார். அனுமதியும் ஊதியமும் இல்லாமல் தங்கள் குரல் எடுத்தாளப்படக் கூடாது என்பதற்காக அமெரிக்காவில் வீடியோ விளையாட்டுகளுக்குக் குரல் கொடுப்போர் அதே ஆண்டு ஜூலையில் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். குரலுக்கு உரிமை கோருவதானால் குரல் முதலில் பதிவில் இருக்க வேண்டும். பதிவில் இல்லாத பேச்சைக் கணினி கற்காது. நாளை பிள்ளைகளின் கையடக்கத் தொலைபேசியில் தமிழ் பேசப்போகும் பொம்மைகள், எவருடைய தமிழ் மிகுதியாகப் பதிவாகியிருக்கிறதோ அவருடைய தமிழையே பேசும்.

ஆகவே ஊவாவின் தமிழ்ப் பாடசாலை ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். தமிழ் மொழித் தினப் போட்டிகளில் பேச்சுக்கும் பாவோதலுக்கும் வில்லுப்பாட்டுக்கும் பிள்ளைகளைத் தயார்ப்படுத்தும் நாட்களில், ஓசையை நிறுத்திவிட்ட ஒரு நிமிடக் கார்ட்டூனுக்குத் தங்கள் வீட்டுத் தமிழில் வசனம் எழுதிப் பேசிப்பார்க்கும் பயிற்சியையும் பாடசாலை மட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். 'ஸ்டோர்' என்றும் 'பிரட்டு' என்றும் ஒரு பிள்ளை எழுதினால் அதைத் திருத்தாதீர்கள். அடுத்த மாசியில் தோட்டத்துக் காமன் பொட்டலுக்குப் போகும் இளைஞர்களே, மாஸ்டரின் அனுமதியைக் கேட்டுக்கொண்டு, கூத்தை முதலிலிருந்து கடைசிவரை தொலைபேசியில் பதிவு செய்து வையுங்கள். பதிவின் தொடக்கத்தில் ரதியாகவும் எமனாகவும் பேசுகிறவர்களின் பெயர், தோட்டத்தின் பெயர், டிவிஷன், திகதி ஆகியவற்றை ஒருவர் தெளிவாகச் சொல்லிவிடட்டும்.